கோர்ஃபுவில் குசினியோடு ஒரு வீடு

அக்கா ஜெர்மனியில் இருந்து போன் எடுத்தாள். சனிக்கிழமை பின்னேரம். "தம்பி, நீ கிரீசுக்கு வா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அப்போது 2012. டிவியைப் போட்டால் கிரீஸில் ரோட்டில் ஆட்கள், பொலிஸ், புகை.

"அங்கை அடிபாடெல்லோ?"

"அது ஏதென்ஸ். நான் சொல்லுறது ஒரு தீவு. கோர்ஃபு எண்டு பேர். நான் துடைக்கப் போற ட்ராவல் ஒஃபிஸில அதின்ர படம் பெரிசாத் தொங்குது. நாளும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறன். மலையில இருந்து கடல் வரைக்கும் மரம். ஒரே பச்சை."

"பச்சைக்கென்ன, இஞ்சயும் புல் இருக்கு."

"எட, பகிடி விடாத. ஒரு கிழமைதான். நீயும் நானும். வாறியோ இல்லையோ?"

"பாப்பம்" என்றேன்.

போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி மூன்று தரம் நடந்தேன். பிளாக்டவுனில் எங்கள் வீடு சின்னது. மூன்று சுற்றுப் போதவில்லை.

அக்காவை நேரில் கண்டு பதினாறு வருசம். முதலில் பிள்ளை சின்னன், பிறகு வேலை. அதற்குப் பிறகு கை.

கையைச் சொல்லிவிடுகிறேன். என் வலக்கையில் இரண்டு விரல் இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். 2009 கடைசியில் இறைச்சி வெட்டும் மெஷினில் போனது. அவசரப்பட்டேன், அவ்வளவுதான். இப்போது வேறு இடத்தில், வெயர்ஹவுஸில் நிற்கிறேன். அந்த வேலைக்கு மூன்று விரல் காணும்.

அக்காவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அம்மா நான் சின்னனில் செத்துப்போனார். அக்காதான் வளர்த்தாள். அண்ணன் சண்டைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. என்னோடு படித்த பெடியன்களில் ஒருவனுக்குக் கால் இல்லை, இன்னொருவனுக்குக் கண் இல்லை. என்னைக் கொழும்புக்குக் கூட்டிவந்து விமானம் ஏற்றியவள் அக்கா. போனில் எப்போது கதைத்தாலும் கடைசியில் அதையே சொல்வாள். "உன்னை ஒரு கீறல் இல்லாமல் அனுப்பி வைச்சனான். எனக்கு அது காணும்."

அதைக் கேட்ட பிறகு எந்த வாயால் சொல்வது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. தூரத்தில் இருப்பவருக்குக் கெட்ட செய்தியை உடனே சொல்லமாட்டோம். அவரால் ஓடிவர ஏலாது, இருந்த இடத்தில் இருந்து அழுவார். காய்ச்சல் வந்தால் சுகமான பிறகுதான் சொல்வோம். விரல் சுகமாகாது. அதனால் சொல்லும் நாளும் வரவில்லை.

மகள் ஸ்கைப் போட்டுத் தந்தாள். கமெரா பழுது என்றேன். படம் அனுப்பச் சொன்னால் கையைப் பொக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்பேன். "என்னடா, பெரிய முதலாளி மாதிரி நிக்கிறாய்" என்று அக்கா சிரிப்பாள். மூன்று வருசம் அப்படியே போனது.

அடுத்த சனிக்கிழமையும் எடுத்தாள்.

"ஏன் கிரீஸ்? நான் ஜெர்மனிக்கே வாறனே" என்றேன். கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"இஞ்ச வந்தியெண்டா சனம் விடுமோ? ஒவ்வொரு வீடாச் சாப்பிடக் கூப்பிடுவினம். சித்தப்பா வீடு, மச்சாள் வீடு, பிறகு கோயில். ஒரு கிழமையும் முடிஞ்சுது. உன்ர முகத்தை எப்ப பாக்கிறது? வேண்டாம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்ர அத்தானுக்கும் வேலை, வரமாட்டார்."

"சரி. ஹோட்டல் பாத்தாச்சோ?"

"ஹோட்டல் வேண்டாம். வீடு ஒண்டு எடுத்திருக்கிறன். குசினியோட."

"லீவுக்குப் போற இடத்தில சமையலோ?"

"ஓம். அரிசி கொண்டு வாறன். தூள் கொண்டு வாறன். மீன் அங்கை வாங்கலாம். வெளியில சாப்பாடு இல்லை, சொல்லிப்போட்டன். நான் குழைச்சுத் தாறன்."

எங்கள் வீட்டில் குழைக்கிறது என்றால், ஒரே சட்டியில் சோறும் குழம்பும் பொரியலும் போட்டுப் பிசைந்து, உருட்டி, சுற்றி இருப்பவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பது. தட்டு, கோப்பை ஒன்றும் இல்லை. கையை நீட்ட வேண்டும். வலக்கையை. உள்ளங்கையில் வைப்பாள்.

அந்தக் கிழமை வேலையில் இரண்டு தரம் பிழை விட்டேன்.

ஹரிஸ் பார்க்கில் டிக்கெட் போடும் கடை ஒன்றுக்குப் போனேன். பெடியன் தமிழ்நாட்டுக்காரன். கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"கோர்ஃபுவா? சென்னை, கொழும்பு, சிங்கப்பூர், இதான் அண்ணே நம்மாளுங்க போடுறது. இந்த ஊருக்கு நான் டிக்கெட் போட்டதே இல்ல. ஹனிமூனா?"

"அக்காவைப் பாக்க."

"அக்கா கிரீஸ்லயா இருக்காங்க?"

"இல்லை."

அவன் தலையைச் சொறிந்தான். "சரி, உங்க குடும்ப விஷயம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

பேனையை நீட்டினான். என் கை ஜக்கெட் பொக்கெட்டுக்குள் இருந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வாறன்" என்றேன்.

"ஒரு கையெழுத்துதானே அண்ணே."

"வாறன்."

"திங்கக்கிழமை வரைக்கும்தான் சீட்டைப் பிடிச்சு வைப்பேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

படிவத்தை மடித்து இடக்கையால் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நான் கரண்டியால்தான் சாப்பிடுவேன். அன்றைக்குக் கரண்டியைத் தள்ளி வைத்தேன். பெருவிரல், மோதிர விரல், சின்ன விரல். சோறு நிற்கவில்லை. மேசையில் கொட்டியது. மகள் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். என் மனிசி துணியால் துடைத்தாள். அடுத்த நாளும் அப்படிச் செய்தேன். அதற்கடுத்த நாளும். கொஞ்சம் நின்றது. ஆனால் உள்ளங்கையை நீட்டினால் விரல் இல்லாததா தெரியாமல் போகும்?

மகள் அந்தத் தீவின் படங்களை எடுத்துக் காட்டினாள். "இட்ஸ் ஸோ கிரீன், அப்பா." ஒலிவ் மரங்களாம். உண்மைதான், மலை முழுக்கப் பச்சை. அவ்வளவு மரத்துக்கு நடுவில் ஒரு வீடு, அதற்குள் ஒரு குசினி, அக்கா, நான். ஒளிக்க இடமில்லை. எழும்பிப்போய் முற்றத்துப் புல்லை வெட்டினேன். போன கிழமைதான் வெட்டியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே எடுத்தேன். அங்கே சனி இரவு.

"அக்கா, லீவு தரமாட்டாங்களாம்."

"ஆர் சொன்னது?"

"சுப்பவைசர்."

"போன கிழமை லீவு சரியெண்டு சொன்னனி."

"அது போன கிழமை."

அவள் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. எனக்கு அது பழக்கம். அவளுக்கு இல்லை. அதனால் பயமாக இருந்தது.

"கைக்காகவோ?" என்றாள்.

நான் கதிரையில் இருந்தேன். எப்போது இருந்தேன் என்று தெரியாது.

"எந்தக் கை?"

"எட, எனக்கு விசர் பிடிக்கப் பண்ணாத. உனக்கு ரெண்டு விரல் இல்லை. மூண்டு வருசமாத் தெரியும்."

"ஆர் சொன்னது?"

"அதை விடு. நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு முறை போன் எடுக்கேக்கையும், இண்டைக்குச் சொல்லுவான், இண்டைக்குச் சொல்லுவான் எண்டு. நீ கமெரா பழுதெண்டு சொல்லுறாய்."

"பிறகேன் கீறல் இல்லாமல் அனுப்பினனான் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்?"

"அதைக் கேட்டாவது வாயைத் திறப்பாய் எண்டுதான். நீ கல்லு."

அவள்தான் திரும்பவும் தொடங்கினாள்.

"ஜெர்மனிக்கு வந்தா ஊரே உன்ர கையைப் பாக்கும். ஹோட்டலுக்குப் போனா கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைப்பாங்கள். அதுதான் வீடு எடுத்தனான். அதுதான் குசினி. விளங்குதோ?"

"ஓம்."

"சோறு எப்பிடிச் சாப்பிடுறாய்?"

"கரண்டியால."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அங்கை கரண்டி எடுத்தியெண்டா அடிதான் விழும்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மனிசி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் போய் நின்றேன்.

"நீரோ சொன்னனீர்?"

"ஓம்."

"எப்ப?"

"அண்டைக்கே. ஆசுப்பத்திரியில நீங்கள் உள்ளுக்க. நான் வெளியில. எனக்கு வேற ஆரிட்டச் சொல்ல?"

அவள் திரும்பவில்லை. கத்தியும் நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே போய் காரைக் கழுவினேன். பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்து, அந்தப் படிவம் எங்கே என்று கேட்டேன். மேசை லாச்சியில் என்றாள். ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தாள். கையெழுத்து இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

திங்கட்கிழமை வேலை முடிய ஹரிஸ் பார்க்குக்குப் போனேன்.

"வந்துட்டீங்களா அண்ணே. சீட்டை இப்போதான் விடலாம்னு இருந்தேன்."

பேனையைக் கேட்டு வாங்கினேன். வலக்கையை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனை நிற்கும். எழுத்துக் கோணும், ஆனால் நிற்கும். அவன் பார்த்தான். முதலில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். பிறகு திரும்பவும் பார்த்தான்.

"மெஷினா அண்ணே?"

"ஓம். இறைச்சி வெட்டுற மெஷின்."

"ரொம்ப நாளாச்சா?"

"மூண்டு வருசம்."

"வலிக்குமா?"

"குளிருக்கு."

அவன் தலையாட்டினான். டிக்கெட்டை அடித்து உறையில் போட்டுத் தந்தான். "அக்காவைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றான். அவனுக்கு அக்காவைத் தெரியாது. சரி என்றேன்.

பராமட்டா ஸ்டேஷனுக்கு நடந்தேன். பிளாட்ஃபோர்மில் இருக்க முடியவில்லை. அந்த நுனியில் இருந்து இந்த நுனி வரை நடந்தேன். உறையை வலக்கையில்தான் வைத்திருந்தேன். இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.