ஒரு காய்கூட விடாமல்

மேல்மலையில் பூண்டிக்குப் போகும் சாலையில், கடைசி வளைவைத் தாண்டினால் ஒரு பூண்டுத் தோட்டம் வரும். அதன் மேல்புறத்தில் சரிவான ஒரு புல்மேடு. மொத்தமே இரண்டு வகுப்பறை அகலம்தான் இருக்கும். அந்த மேட்டில் பதினொரு கிலுகிலுப்பைச் செடிகள் நின்றன. இப்போது ஒன்றுகூட இல்லை. அவற்றை அழித்தது காட்டுமாடு இல்லை, சீசனுக்கு வருகிற கூட்டம் இல்லை, தோட்டக்காரரும் இல்லை. காப்பாற்றுகிறேன் என்று போன நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிலுகிலுப்பை என்றதும் கீழ்நாட்டில் ரோட்டோரம் நிற்கிற செடிதான் எல்லோருக்கும் நினைவு வரும். இது அதற்கு மலைச் சொந்தம். முழங்கால் உயரம், இலையில் சாம்பல் பூத்த மாதிரி ரோமம், மஞ்சள் பூ. காய் முற்றிக் கறுத்துவிட்டால் உள்ளே விதை கழன்று, காற்றுக்கு மெல்லக் குலுங்கும். மேல்மலை முழுக்கப் புல்வெளியாக இருந்தபோது இதுவும் முழுக்க இருந்திருக்க வேண்டும். பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். அது தானாகவே பெருகிப் புல்வெளியை மூடிக்கொண்டு போனது. நான் நாலைந்து வருடம் மலை மலையாக அலைந்து பார்த்ததில், இந்தச் செடி எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மேட்டில்தான்.

முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதற்குப் பிறகு செய்துகாட்ட எனக்கென்று வேறு ஒன்றும் இருக்கவில்லை. பதினொன்றை நூறாக்கிவிட்டுத்தான் சாக வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாய் மட்டும் எப்போதும் பெரிது எனக்கு.

முதல் வருடம் தை மாதத்தில் காய் பறிக்கப் போனோம். நானும், என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாற்றங்காலுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வரும் ஓர் அம்மாவும். அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாக இந்த மலைக்கு வந்தவர். மற்ற நாட்களில் கேரட் களையெடுப்பு, பூண்டு பிடுங்குவது என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். நான் ஒரு செடியில் பாதி முடிப்பதற்குள் அவர் மூன்று செடியை மொட்டையாக்கிவிட்டார். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்தன. நான் அசந்துபோய் நின்றேன்.

"எங்கம்மா கத்துக்குடுத்தது டீச்சர்" என்றார். "அங்க நெரையில ஒரு கொழுந்து நின்னாலும் கங்காணி திருப்பி அனுப்பிருவானாம். எனக்கும் விட்டுட்டு வர ஏலாது. கை கேக்காது."

நான் அதைப் பாராட்டினேன். விட்டுவைத்தால் புழு தின்னும், ஆடு மேயும், மழையில் அழுகும். மூடி போட்ட பாட்டிலில் இருந்தால் பத்திரம். இப்படித்தான் நினைத்தேன். பதினொரு செடியிலும் ஒரு காய்கூட விடாமல் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

பாதி விதையை மாசியில் அப்படியே விதைத்தேன். நாற்பது நாள் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் வரவில்லை. மேல்தோல் கல் மாதிரி இருக்கும் விதை, சும்மா விதைத்தால் வராது என்று எனக்கே தெரியும். தெரிந்ததைச் செய்யாமலிருப்பதில் நான் கெட்டிக்காரி. அடுத்தது வெந்நீர். கொதித்த தண்ணீரை இறக்கிவைத்து, சூடு சற்று அடங்கியதும் விதையைப் போட்டு மறுநாள் காலை பார்த்தால், சிலது மட்டும் உப்பியிருந்தது. உப்பாததை ஒவ்வொன்றாக உப்புத்தாளில் தேய்த்தோம். கடலைப்பருப்பில் பாதிகூட இல்லாத விதை அது. விரல் நுனி தேய்ந்ததுதான் அதிகம்.

"இதுக்கு இன்னொரு பிள்ளையப் பெத்து வளத்துரலாம் டீச்சர்" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார்.

முளைத்தது. ஆனால் நான் ஆசை ஆசையாகப் போட்ட தொழு உரத்தில் நாற்று மஞ்சளடித்துச் சாய்ந்தது. அவர்தான் ஒருநாள் அந்த மேட்டிலிருந்தே ஒரு சாக்கில் மண் அள்ளிக்கொண்டு வந்தார். அதில் போட்ட நாற்று நின்றது. ஒன்றைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தேன். வேரில் வெளிர்சிவப்பு முடிச்சுகள், பயறுச் செடி வேரில் இருப்பது போலவே; மேட்டு மண்ணில் இருந்த பாக்டீரியா கட்டியவை. அன்று சத்தம் போட்டுச் சிரித்தேன். எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

அறுபத்து மூன்று நாற்றுகள் தேறின. அடுத்த தையில் மறுபடியும் மேட்டுக்குப் போய், மறுபடியும் ஒன்றுவிடாமல் பறித்தோம். அந்த மேட்டு மண்ணில் இரண்டு வருடமாக அந்தச் செடியின் ஒரு விதைகூட விழவில்லை. அப்போது இது எனக்கு உறைக்கவே இல்லை.

நாற்றை நடுவதற்கு இடம் வேண்டும். மேட்டின் மூன்று பக்கமும் வாட்டில் நெருக்கிக்கொண்டு வந்திருந்தது. மேட்டுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு மரம் ஏறிவிட்டது. வெட்டிக்கொள்ளட்டுமா என்று தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"மேடு சும்மாதானங்க கெடக்கு. எனக்கு அதுல ஒரு சோலியும் இல்ல. வெட்டிக்கங்க டீச்சரம்மா" என்றார்.

மாசியில் வெட்டினோம். தண்டுகளை அவர் வேலிக்கு எடுத்துக்கொண்டார். கிளையும் இலையும் மேடு முழுக்கக் கிடந்து காய்ந்தன. சித்திரையில் போய்ப் பார்த்தபோது, அதையெல்லாம் இழுத்துக் கீழே கொண்டுவர ஒரு வாரமாகும் என்று தோன்றியது. கோடை மழை எந்த நாளும் தொடங்கிவிடும். எனக்கு அவசரம்.

"காஞ்சுதான கெடக்கு டீச்சர். ஒரு தீக்குச்சி போதும், வெரசா முடிஞ்சுரும்" என்றார் அந்த அம்மா.

சரி என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றுவரை விழுங்க முடியவில்லை.

ஆனால் அன்று நாங்கள் எவ்வளவு பொறுப்பாக நடந்துகொண்டோம் என்று பெருமைப்பட்டேன். பதினொரு செடியைச் சுற்றியும் புல்லைச் செதுக்கி, ஈரச் சாக்கு போர்த்தி, குப்பையைச் செடிகளிலிருந்து தள்ளி, மேடு முழுக்கச் சிறு சிறு குவியலாக்கித்தான் கொளுத்தினோம். செடிகளில் ஓர் இலைகூடக் கருகவில்லை. கைகால் கழுவிக்கொண்டு, பெரிய காரியம் முடித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

மழை பெய்து மூன்றாவது வாரம் போனேன். சாம்பல் கிடந்த இடமெல்லாம் பச்சை. மேடு முழுக்க, கீரைப் பாத்தி மாதிரி நெருக்கமாக முளைத்துக் கிடந்தது. என் செடிதான் என்று நினைத்தேன். ஓடிப்போய் மண்டி போட்டுப் பார்த்தேன். இறகு இறகாகப் பிரிந்த இலை. எல்லாம் வாட்டில்.

வாட்டிலும் பயறுக் குடும்பம்தான். அதன் விதைக்கும் கல் தோல்தான். வருடக் கணக்காக மண்ணுக்குள் கிடந்து, சூடு பட்டால் விழித்துக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் படம் வரைந்து பிள்ளைகளுக்கு நடத்தியவள் நான். அதே சூட்டுக்குத்தான் என் செடியின் விதையும் காத்திருக்கும். வீட்டில் வெந்நீரும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நாங்கள் செய்த வேலையை, அந்தத் தீ ஒரு மத்தியானத்தில் செய்து முடித்திருக்கும். மண்ணில் விதை இருந்திருந்தால்! பழைய விதை எறும்புக்கும் வண்டுக்கும் போயிருக்கும், மிச்சமெல்லாம் என் வீட்டு அலமாரியில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு பிடுங்கினோம். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் அதே வேலை. ஒரு மூலையை முடித்துத் திரும்புவதற்குள் மறு மூலையில் முளைத்திருக்கும். பிடுங்கிய இடத்தில் அறுபத்து மூன்று நாற்றையும் நட்டேன். சிலதில் மொட்டுகூட வந்தது. ஆனால் மேட்டில் புல் இல்லை, அது தீயில் போயிருந்தது. மண்ணைப் பிடித்திருந்த மரங்களை வெட்டியாயிற்று. மிச்சமிருந்த வேரையும் நாங்கள் நாள்தோறும் கையால் பிடுங்கிப் பிடுங்கி மண்ணைப் பொலபொலவென்று ஆக்கியிருந்தோம்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் அடித்தது மழை. ஐந்தாம் நாள் வெள்ளனே தோட்டக்காரர் போன் செய்தார்.

"டீச்சரம்மா, மேடு எறங்கிருச்சு."

போய்ப் பார்த்தபோது மேடு இருந்த இடத்தில் செம்மண் பிளந்து தொங்கியது. பாதிப் பூண்டுத் தோட்டத்தின் மேல் சேறு. அந்தச் சேற்றில் நானும் அந்த அம்மாவும் முட்டளவு இறங்கித் தேடினோம். தாய்ச்செடி ஒன்று மட்டும் வேர் வானத்தைப் பார்த்தபடி கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். எட்டு நாள் இருந்தது.

தோட்டக்காரர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "மலைன்னா மண்ணு எறங்கத்தானங்க செய்யும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"நாம ஒண்ணும் வேணும்னு செய்யலயே டீச்சர்" என்றார் அந்த அம்மா, என்னைத் தேற்றுவதற்காக.

"வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு சுத்தமாச் செஞ்சிருக்க முடியாது" என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை. பிறகு நானே அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வந்தார். அந்த மேட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

பாட்டிலில் இன்னும் விதை இருக்கிறதே என்ற ஒரு தைரியம் எனக்கு இருந்தது. இரண்டாம் வருடத்து விதை, பாட்டில் நிறைய. மார்கழியில் திறந்தேன். உள்ளே வெறும் மாவு. ஒவ்வொரு விதையிலும் குண்டூசியால் குத்திய மாதிரி ஓட்டை. காயோடு சேர்த்து வண்டின் முட்டையையும் பறித்து வந்து, இறுக்க மூடி வளர்த்திருக்கிறேன். சலித்துப் பார்த்ததில் முழுசாக இருந்த ஏழு விதையையும் விதைத்தேன். ஒவ்வொன்றையும் உப்புத்தாளில் தேய்த்துத்தான் போட்டேன். எதுவும் வரவில்லை.

மறு வருடமும் மலை மலையாகத் தேடினேன். வாட்டில், பைன், கேரட், காட்டேஜ். எந்தச் சரிவிலும் அந்தச் செடி இல்லை. இருந்திருந்தாலும் அதைத் தொட எனக்குத் துணிவு வந்திருக்காது.

இந்தச் சித்திரையில் ஒரு காரணமும் இல்லாமல் அந்த மேட்டுக்குப் போனேன். சரிந்த மண்ணின் மேல் வாட்டில் இடுப்பளவு வளர்ந்து, கை நுழைய இடமில்லாமல் நின்றது. தோட்டக்காரர் என்னைப் பார்த்துவிட்டு மேலேறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒங்க கைராசியப் பாத்தீங்களா டீச்சரம்மா! வெதச்ச மாதிரி வந்துருக்கு. இனி மண்ணு எறங்காது. நாலு வருசம் போனா வெறகுக்கும் கவலையில்ல. நல்ல சோலி பாத்துக் குடுத்தீங்க."

அவர் கேலி செய்யவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். தோட்டத்துக்கு இறங்கிப் போய், தண்டோடு ஒரு கட்டுப் பூண்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.