சத்யபாமா ஊதாத குளிப்பு

உதியன்குளங்கரைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவே எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட சத்யபாமாதான் வரவேண்டும். காலை நீட்டி, பிள்ளையைக் கிடத்தி, ஊர்க்கதை பேசிக்கொண்டே குளிப்பாட்டுவாள். கடைசியில் குனிந்து பிள்ளையின் மூக்கில் ஒரு ஊது. அதில்தான் அடைப்பு விலகி மூச்சு சீராகும் என்பது அவள் கட்சி. ஊதாத குளிப்பு அவளுக்குக் குளிப்பே இல்லை.

இந்த மழைக்காலத்தில் ஆர்.எஸ்.வி. என்றொரு கிருமி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாக வந்துபோகும்; பச்சைப்பிள்ளைக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சில் இறங்கி மூச்சை முட்டவைக்கும். சளி உள்ளவர்களைப் பிள்ளையிடம் அண்டவிடாதே என்று டாக்டர் சொன்னதை, புதிதாகப் பெற்றிருந்த அஜிஷா சத்யபாமாவிடமும் சொல்லியிருந்தாள். சத்யபாமாவுக்கும் லேசாக ஒழுகத்தான் செய்தது. அவள் அதைச் சளியில் சேர்க்கவில்லை. மழையில் நனைந்தால் யாருக்குத்தான் ஒழுகாது? சுக்கை வாயில் அடக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

குளிப்பு முடிந்தது. பிள்ளை சொக்கிக் கிடந்தது. வழக்கம்போல் குனிந்து உதட்டைக் குவித்தாள். ஊதுமுன் அவள் மூக்கிலிருந்து ஒரு சொட்டு, பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் துணியில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. அவள் மட்டும் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கூப்பிட்டாள்.

"மக்கா அஜிஷா, எனக்கு சளி உண்டு. பிள்ளைய எடு."

அஜிஷா பிள்ளையை வாரிக்கொண்டு உள்ளே போனாள். நாலு வசவு விழுந்திருந்தால்கூட சத்யபாமாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பிறகு காலையும் மாலையும் கேட்டுக்கு வெளியே மாஸ்க்கோடு நின்று, பால் குடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று அஜிஷாவின் கணவன் அனூப்பைக் குடைந்தெடுத்தாள். பிள்ளை நன்றாகக் குடித்தது, தெருவே கேட்க அழுதது. அந்த அழுகையைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று உறுதியாகி, அவள் சளியும் ஒழிந்தபின் அஜிஷாவே கேட் வரை வந்தாள்.

"ஊதாம குளிப்பாட்டுவியளா மாமி?"

சத்யபாமாவுக்குப் பாதி உயிரைக் கேட்டதுபோல் இருந்தது. "பிள்ளையாக்கும் பெருசு. வாறேன் மக்கா" என்றாள்.

மறுநாள் குளிப்பாட்டி, துவர்த்துத் துண்டால் ஒற்றி எடுத்தாள். உதடு தானாகக் குவிந்தது, மாஸ்க்குக்குள்ளேயே அடக்கினாள். பிள்ளை முகத்தைச் சுளித்து ஒரு தும்மல் போட்டது. மூக்கில் இருந்த அடைப்பு முழுக்க வந்து அவள் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. பிள்ளை சுகமாக மூச்சு விட்டது.

முதலில் சிரித்தது சத்யபாமாதான்.

"இத்தன வருசமா ஒரு பிள்ளையையும் நான் தும்ம விடலியே மக்கா" என்றாள்.