அம்மாவுக்கு முன்வாசல், எனக்குப் பின்வாசல்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. சிங்கப்பூரில், பூமிக்கடியில் இருக்கும் ஒரு ரயில் நிலையத்தில், நாலு தேசத்துக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் தொண்டை கிழியக் கத்திய சம்பவம் இது. என் மனைவி இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். அவள் சொல்லும்போது கடைசியில் நான் அழுததாக வரும். அழவில்லை. அது வியர்வை. குளிர்சாதன வசதி உள்ள இடத்தில் எப்படி வியர்த்தது என்று கேட்காதீர்கள்.

எங்கள் வீடு கொச்சியில், மட்டாஞ்சேரியில். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து அங்கேயே ஒட்டிக்கொண்ட குடும்பம். அம்மா கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் வேலை பார்த்தாள். எனக்கு மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை. தொண்ணூறுகளில் விமான நிலையம் எங்களுக்கு எதிரே, காயலுக்கு அந்தப் பக்கத் தீவில் இருந்தது. விமானங்கள் எங்கள் வீட்டு ஓட்டைத் தட்டிவிடுமோ என்று பயப்படும்படி தாழ்ந்து இறங்கும். அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, அது மறையும்வரை அண்ணாந்து பார்ப்பாள். பிறகு விமான நிலையம் நெடும்பாசேரிக்குப் போய்விட்டது. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுபோய்விட்டார்கள் என்று அம்மாவுக்கு வருத்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, சாயா குடித்துக்கொண்டே சொன்னாள்:

“அது இங்க வராட்டி என்னடா. இனி நாம அங்க போய் ஏறுவோம்.”

அம்மா சொல்லிவிட்டால் சொன்னதுதான். நான் இழுத்தடித்துப் பார்த்தேன், நடக்கவில்லை. அடுத்த வருடம் எறணாகுளத்தில் ஒரு டூர் கம்பெனி கூட்டிப்போன சிங்கப்பூர் பயணத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தோம். மற்றவர்கள் எல்லோரும் மலையாளிகள். அங்கே எங்களை மேய்க்க ஒரு சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் வழிகாட்டியாக வந்தார். கையில் ஆரஞ்சு நிறக் கொடி. அந்தக் கொடியை விட்டு நகராதீர்கள் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். மூன்று நாளும் நகரவில்லை. நாலாவது நாள், ஊர் திரும்ப வேண்டிய நாள், ரயிலில் ஏறினோம்.

நடுவில் எங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேரளத்துப் பஸ்ஸில் முன்வாசல் பெண்களுக்கு, பின்வாசல் ஆண்களுக்கு. புருஷன் பெண்டாட்டியே ஆனாலும் ஆளுக்கொரு வாசலில்தான் ஏறுவார்கள். நானும் அம்மாவும் வைட்டிலாவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவதென்றால், அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்த உடனே கண்ணை மூடிக்கொள்வாள். நான் பின்னால் கம்பியில் தொங்குவேன். தேவரா தாண்டியதும் நான் எட்டிப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். இறங்கும் இடம் வந்ததும், நடுவில் நிற்கும் அத்தனை தலைகளுக்கும் மேலாக “அம்மோ, எறங்கணும்” என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அதுவரை அம்மா அசைய மாட்டாள். இறங்கியபின் கீழே முன்வாசல் பக்கம் நிற்பாள், நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து இந்த வேலை என்னுடையது.

சிங்கப்பூரில் அன்று, தீவுப் பூங்காவைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்காக லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் போக வேண்டும். ரயில் சவாரி நிகழ்ச்சி நிரலிலேயே இருந்தது. வழிகாட்டி எங்களைப் பிளாட்பாரத்தின் பின்கோடியில் நிறுத்தினார். ரயில் வரும் நேரம் பார்த்து, அம்மா கைப்பையை இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்கோடிக்கு நடந்தாள். நான் அதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பெண்கள் முன்னால் ஏறப் போகிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று பின்னால் ஏறிக்கொண்டேன். கூட வந்த மற்றப் பெண்கள் எல்லாம் என் பக்கத்தில் நிற்கிறார்களே என்று என் மண்டையில் உறைக்கவில்லை.

ரயிலில் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் மூச்சுவிடக்கூட அனுமதி வாங்கியவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நிலையம் வந்தது. வாயைத் திறந்தேன். எதிரே டை கட்டிய ஒருவர் என்னைப் பார்த்தார். வெட்கமாகப் போய்விட்டது. வெளிநாட்டுக்கு வந்தும் மட்டாஞ்சேரிக் குரலைக் காட்டுவதா என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் நாகரிகமாக நடந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். இறங்கி முன்கோடிக்கு நடந்தேன். அம்மா அங்கே நிற்கவில்லை. ரயில் போய்விட்டிருந்தது.

அதன்பின் கொஞ்ச நேரம் நான் மனிதனாக இல்லை. அம்மாவிடம் போன் கிடையாது. மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிப்பாள், வேறெதுவும் வாசிக்கத் தெரியாது. அவளுடைய பாஸ்போர்ட் என் சட்டைக்குள் வயிற்றில் கட்டிய பையில். சாயங்காலம் விமானம். நகரும் படிக்கட்டில், அது கீழே வருவதைக் கவனிக்காமல், மேலே ஓடினேன். ஓடி ஓடி அதே இடத்திலேயே இருந்தேன். ஒரு வழியாக நிலைய அலுவலகத்தை அடைந்தபோது அங்கே ஒரு சீனப் பெண் அதிகாரி இருந்தார். காணாமல் போனவரின் படம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதே என்று வீரமாக பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இந்தப் படத்தில் மீசை இருக்கிறதே என்றார். நான் என்னுடையதை நீட்டியிருந்தேன்.

அவர் நிலையம் நிலையமாக போன் செய்தார். சேலை கட்டிய வயதான அம்மா யாரும் எங்கேயும் வெளியே வரவில்லை என்றார்கள். எங்கள் குழுவில் வல்லார்பாடத்துக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, இது சின்ன நாடுதானே சேட்டா, எங்கே போய்விடப் போகிறார், ரொம்பப் போனால் கடலில் விழுவார் என்று ஆறுதல் சொன்னார். வழிகாட்டி அவரையும் மற்றவர்களையும் சாப்பிட அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணே, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் தேடலாம், வாங்க. நாலு மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பணும். பஸ்ஸு நிக்காது.”

ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போதுதான் மண்டையில் தட்டியது. எங்கேயும் வெளியே வரவில்லை என்றால் அம்மா இறங்கவே இல்லை. ஏன் இறங்கவில்லை? நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் அவள் இறங்க மாட்டாள். வண்டி கடைசிவரை போய்த் திரும்பும். அவளும் அதிலேயே திரும்புவாள்.

“நான் வரல. எங்கம்மா இப்படியேதான் திரும்பி வரும். நான் இங்கதான் நிப்பேன்.”

“இறக்கி விட்டிருப்பாங்கண்ணே.”

“எங்கம்மாவை எறக்க இன்னும் ஒரு ஆள் பொறக்கல.”

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த சிக்கல் அதைவிடப் பெரிது. வண்டி திரும்பி வரும்போது, போகையில் முன்பெட்டியாக இருந்தது பின்பெட்டியாகிவிடும். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் பின்கோடியில் வருவாள். நான் எந்தக் கோடியில் நிற்பது? கதவு திறந்து மூடுவதற்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என் தொப்பையோடு ஓட முடியாது. யோசித்துப் பார்த்தேன். அம்மா ஆயுளில் ஒருமுறைகூட வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து நான் கண்டதில்லை. முன்கோடி என்று முடிவு செய்து, எதிர்த் திசை ரயில் நிற்கும் இடத்தில் போய் நின்றேன்.

முதல் ரயில் வந்தது. கதவு திறந்ததும் தலையை உள்ளே நீட்டி, “அம்மோ, எறங்கணும்” என்றேன். ஒரு சீனக் கிழவர் பயந்துபோய் இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல என்று பிறகு தெரிந்தது. அடுத்த ரயிலில் இன்னும் பலமாகக் கத்தினேன். நம் ஊர்க் கட்டட வேலைக்காரர் ஒருவர் பாதித் தூக்கத்திலிருந்து எழுந்து, எந்த ஊர் வந்துவிட்டது என்று தெரியாமல் விழித்தார். சத்தம் கேட்டு அந்தப் பெண் அதிகாரி படியிறங்கி வந்தார். இங்கே கத்தக் கூடாது என்று சொல்லத்தான் வந்தார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் அம்மா என் குரலுக்குத்தான் இறங்குவார் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வழிகாட்டியும் கொடியோடு இந்தப் பக்கம் நின்றார். வந்த ரயில்கள் எல்லாம் போய்க்கொண்டே இருந்தன. குரல் கம்மிவிட்டது. பின்கோடிக்குப் போயிருக்க வேண்டுமோ என்று கால் தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது. திருப்பி நிறுத்தினேன்.

அடுத்த ரயிலின் கதவு திறந்தபோது என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அந்த அதிகாரி என்னைப் பார்த்து, இன்னும் ஒரு தடவை என்பதுபோலக் கையை அசைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தேவராப் பாலத்தில் மழை பெய்யும்போது ஷட்டர் எல்லாம் இறக்கிவிட்ட பஸ்ஸில் கத்துவதுபோலக் கத்தினேன்.

“அம்மோ, எறங்கணும்.”

“வர்றேன், வர்றேன். காது செவிடா எனக்கு?”

கைப்பையை இடுக்கிக்கொண்டு, சேலையைச் சரிசெய்தபடி, அம்மா முதல் கதவிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி:

“தொண்டைக்கு என்னடா வந்துச்சு ஒனக்கு? இம்புட்டு நேரமா கூப்பிடாம என்ன செஞ்சே?”

கடைசி நிலையத்தில் ஒருவர் வந்து இறங்கச் சொன்னாராம். அம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகன் கூப்பிடட்டும் என்று சொல்லிவிட்டாளாம். அவர் ஆளைக் கூட்டி வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பார்த்தால் தான் இருப்பது பின்பக்கம். உடனே எழுந்து பெட்டி பெட்டியாக நடந்து முன்னால் வந்துவிட்டாள்.

“வண்டிக்காரன்கிட்ட கேக்கலாம்னு பார்த்தா, அங்க ஒருத்தனையும் காணோம். வண்டி தன்னால ஓடுது.”

“பயமா இல்லையாம்மா?”

“எனக்கு எதுக்குடா பயம்? அதுக்குத்தான் நீ இருக்கியே.”

வழிகாட்டி சிரித்தார். அந்தப் பெண் அதிகாரிக்கு அவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் சிரித்தார். அந்த இடத்தில்தான் எனக்கு வியர்த்தது. விமானத்தைப் பிடித்தோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நெடும்பாசேரி வரும்வரை தூங்கினாள். சக்கரம் தரையைத் தொட்டதும், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், கூப்பிட்டுத்தான் எழுப்பினேன்.

இப்போது கொச்சியிலும் மெட்ரோ ஓடுகிறது. வைட்டிலா வந்ததும் நான் குரல் கொடுப்பேன். காதில் ஒயரைச் செருகிய பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், என் மகள் யாரோ மாதிரி நாலடி தள்ளி நிற்பாள். மகன் கூப்பிட்டால்தான் இறங்குவேன் என்று முன்பெட்டியில் ஒருத்தி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்வரை, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதற்கு எனக்கு உரிமையில்லை.