பெட்டியில் வந்த மாம்பழ வாசனை

"வீட்ல யாராவது புகை பிடிக்கிறாங்களா?"

பெரம்பலூரில் குழந்தைகள் டாக்டர் இதைக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. நான் வேதியியலில் முதுகலை படித்தவள். ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. இன்றுவரை எனக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை.

அன்று என் கணவர் முந்திக்கொண்டார். "இல்லீங்க சார். நான் எப்பவோ விட்டுட்டேன். அரியலூர்ல எங்க வூடு மெயின் ரோட்டு மேலயே இருக்கு. சுண்ணாம்புக்கல் லாரி போய்க்கிட்டே இருக்கும். எல்லாம் அந்தத் தூசிதான்."

எங்கள் பக்கத்தில் எந்த இருமலுக்கும் லாரிதான் குற்றவாளி. டாக்டர் நம்பினார். என் மடியில் மூன்று வயது மகள் மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. நானும் தலையாட்டினேன். அப்போது அது என் கணவரின் சட்டைப் பையில்தான் இருந்தது. பச்சை நிறத்தில், தடித்த ஸ்கெட்ச் பேனா போல.

அதை வீட்டுக்குள் வரவழைத்தது நான்.

அவர் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிகரெட் பழக்கம். மகள் பிறந்த பிறகு நான் விடாமல் சண்டை போட்டேன். துபாயில் இருக்கும் என் அண்ணன் லீவுக்கு வரும் முன்பு ஒவ்வொருவருக்கும் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்பார். ஒருவருக்குத் தைலம், ஒருவருக்குப் பேரீச்சை, ஒருவருக்குப் பால் பவுடர். நான் சொன்னேன்: "எனக்கு ஒண்ணும் வேணாம்ணே. சிகரெட்ட விடறதுக்கு அங்க ஏதோ மெஷின் விக்கிதாமே, அத அவருக்கு வாங்கிட்டு வா."

"மாப்ளய நீ நிம்மதியா இருக்க விடமாட்ட பாப்பா," என்று சிரித்தார்.

அண்ணன் வந்து பெட்டியைத் திறந்தபோது துண்டுக்குள் சுற்றிப் பத்து இ-சிகரெட்டுகள் இருந்தன. நம் நாட்டில் இதை விற்கவும் வெளியிலிருந்து கொண்டுவரவும் தடை என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாதா, தேடிப் பார்க்கவில்லையா? வெறும் ஆவி என்று ஒரு வீடியோவில் சொன்னதை நம்பினேன். நிகோடினைப் பற்றித் தேர்வில் எழுதிய நானே அதை நம்பினேன்.

முதல் மாதம் எனக்கு ஒரே பெருமை. சிகரெட் நாற்றம் போயிற்று. அதற்குப் பதில் வீடெல்லாம் மாம்பழம் மணத்தது. மாமியார் சமையலறைக்கு வந்து மூக்கை உறிஞ்சினார். "மார்கழில மாம்பழம் வாங்கி ஒளிச்சு வச்சித் திங்கிறியாடி?"

சிகரெட் பிடிக்க அவர் தெருமுனைக்குப் போக வேண்டியிருந்தது. அது எரிந்து விரலைச் சுட்டால் முடிந்தது. இதற்கு முடிவே இல்லை. பல் துலக்கும் முன், குளியலறையில், மகளை மடியில் வைத்துக் கார்ட்டூன் பார்க்கும்போது. பஸ்ஸில்கூடத் துண்டுக்குள் முகத்தைப் புதைத்து ஒரு இழுப்பு.

"இது புகையில்லம்மா. இட்லிப் பானைல வருதே, அது மாதிரி ஆவி."

"இட்லிப் பானைக்குள்ள யாரும் நாள் பூரா மூஞ்சிய வச்சிக்கிட்டு இருக்கறதில்லீங்க."

பத்தும் தீர்ந்தன. தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார், மகள் பாடினால்கூட அதட்டினார். சிகரெட்டுக்கு அவர் இப்படி ஆடியதில்லை. மூன்றாம் நாள் புதிதாக ஒன்று வந்தது. டவுனில் ஒரு மொபைல் கடையில் கேட்டால் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்களாம். இந்த முறை ஸ்ட்ராபெர்ரி. அட்டையில் எறும்பு போன்ற எழுத்தில் நிகோடின் என்று இருந்தது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஆம்பளைக்கு எதற்கு ஸ்ட்ராபெர்ரி? பபுள்கம் வாசனையிலும் இருக்கிறதாம். யாரைப் பிடிக்க இந்த வாசனை? இதைச் செய்தவன் வீட்டில் குழந்தை இல்லையா?

போன வாரம் மகள் தான் படம் வரையும் பச்சை ஸ்கெட்ச் பேனாவை வாயில் வைத்து இழுத்து, உதட்டைக் குவித்து ஊதினாள். "அப்பா ஊதறேன்," என்றாள். பிறகு இருமினாள். அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் பையிலிருந்து அந்த மெஷினைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டேன். அவர் கத்தவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நீதான கேட்ட. ஒங்கண்ணன்தான கொண்டாந்தான். டாக்டர்ட்ட சொல்லேன். எல்லாத்தையும் சேத்துச் சொல்லு."

சாயங்காலமே வேறொன்று வாங்கிவிட்டார்.

வருகிற திங்கட்கிழமை மகளை மறுபடி காட்ட வேண்டும். மருந்து மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். லாரித் தூசி என்று நினைத்துத்தான் அவர் மருந்து எழுதுகிறார். உண்மை தெரியாமல் எழுதும் மருந்து என் மகளுக்கு என்ன செய்யும்? சொன்னால் அண்ணனுக்கு ஏதும் வம்பு வருமோ என்று பயம். என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இதை வாசிப்பவர்களில் இந்தப் பழக்கம் புகுந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுவதா, அவர் வேலைக்குப் போன நேரத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்ச் சொல்வதா? எப்படிச் சொன்னால் அவரும் விடுவார்? திங்கட்கிழமைக்குள் எழுதினால் நல்லது.