வராமல் போன ஆக்ஸிஜன்

எங்கள் பள்ளியில் வேதியியல் நடத்தும் அவளுக்குச் 'சமன் டீச்சர்' என்றுதான் பெயர். வேதிச் சமன்பாடு என்றால் அவளுக்கு உயிர். வரலாறு நடத்தும் எனக்கு அவள் பாடம் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் பக்கத்து வகுப்பில் இருந்து கேட்டுக் கேட்டு அவள் குரல் எனக்கு மனப்பாடம்.

மற்றவர்கள் பிள்ளைகளுக்கு வருகைப்பதிவு எடுப்பார்கள், அவள் அணுக்களுக்கு எடுப்பாள். அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருந்ததெல்லாம் வலப்பக்கம் வந்து சேர்ந்தாக வேண்டும்.

"கார்பன் வந்தாச்சா?" என்பாள்.

"வந்தாச்சு டீச்சர்!" என்று வகுப்பே கத்தும்.

கணக்கு இடித்தால் முன்னால் நிற்கும் பெரிய எண்ணை மாற்றலாம். காலடியில் இருக்கும் சின்ன எண்ணில் கை வைத்தால் தொலைந்தார்கள். "அதை மாத்தினா பொருளே வேற ஆயிடும். நல்லதைக் கேட்டவனுக்கு விஷத்தைக் கொடுப்பியா?" என்று காய்ச்சி எடுப்பாள்.

ஒரு குளிர்காலத்தில் அவளும் கணவரும் பழைய வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். பஸ் ஓட்டும் அவர் கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். படுக்கையறைச் சுவரில் அறையைச் சூடாக்கும் ஒரு கேஸ் ஹீட்டர் இருந்தது. குளிர் நுழையாதபடி ஜன்னல் இடுக்குகளையெல்லாம் டேப் போட்டு ஒட்டிவிட்டாள். கெட்டிக்காரி என்று நானும் மெச்சினேன்.

நலம் விசாரிக்கப் போனபோது மனிதர் வெளிறிப்போயிருந்தார்.

"கால்மாட்டுல ஒரு வயசானவர் வந்து நிக்கிறாருங்க. பேசமாட்டாரு. கையை நீட்டி ஜன்னலைக் காட்டிட்டே நிக்கிறாரு. வீட்டை விட்டுப் போன்னு சொல்றாரு போல."

"பேய்க்கு ஃபார்முலா கிடையாதுங்க. ஃபார்முலா இல்லாதது உலகத்துலயே இல்ல. பஸ் ஓட்டுற மனுஷன் இப்படியா பயப்படுறது?" என்று அவள் சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அங்கே உட்கார முடியவில்லை. தலை கனத்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது, திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஹீட்டரில் தீ மஞ்சளாக, சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் எல்லாம் தெளிந்துவிட்டது. அவர் பேச்சுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். நம் புத்தி அவ்வளவுதான்.

பிறகு அவளுக்கும் தலைவலி வந்தது. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே தேடினாள். ஒரு நாள் மீத்தேன் எரிவதை நடத்தினாள். குழாயில் வரும் கேஸ் பெரும்பாலும் அதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தச் சமன்பாட்டை ஒப்பிப்பாள். பலகையில் இப்படி எழுதினாள்:

CH₄ + 2O₂ → CO + 2H₂O

"கார்பன்?"

"வந்தாச்சு!"

"ஹைட்ரஜன்?"

"வந்தாச்சு!"

"ஆக்ஸிஜன்?"

சத்தமே இல்லை. பக்கத்து வகுப்பில் என் பேச்சும் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு பெண் பிள்ளையின் குரல் மெதுவாக வந்தது. "ஒண்ணு வரல டீச்சர்."

"CO-வுக்குக் கீழே இருந்த சின்ன ரெண்டை யாரு அழிச்சது?"

"யாரும் பலகைகிட்டயே வரல டீச்சர். நீங்க எழுதவே இல்ல."

எழுதினேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். நான் எட்டிப் பார்த்தபோது பலகையையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

"காத்து போதாம எரிஞ்சா இதுதான் வரும். கார்பன் மோனாக்ஸைடு. நிறமும் இல்ல, வாசனையும் இல்ல, ஆளைக் கொன்னுடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "ஐயோ, ஜன்னல்!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டில் எவ்வளவு உலுக்கியும் அவள் கணவர் எழவில்லை. அவருடைய ஊன்றுகோலாலேயே ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். இருவருமாக அவரைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தோம். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் இருமினார். அந்த இருமல் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ஹீட்டரின் புகைக்குழாயை ஒரு பறவைக் கூடு அடைத்திருந்தது. பார்க்க வந்த வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "முன்னாடி குடியிருந்த பெரியவரும் இதே ரூம்லதான், தூக்கத்துலயே போயிட்டாரு. கொடுத்து வெச்ச சாவுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

ஆஸ்பத்திரியில் கணவரிடம் அதைச் சொன்னாள்.

"அப்போ என்னைப் போகச் சொல்லல" என்றார் அவர். "ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்காரு."

சமன் டீச்சர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அந்த வாயு மூளையைக் குழப்பும், இல்லாததெல்லாம் தெரியும். அது சரிதான் அக்கா. ஆனா அந்தப் பெரியவரு எதுக்கு ஜன்னலைக் காட்டணும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹீட்டரை மாற்றிவிட்டு அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். போன வாரம் போயிருந்தேன். வெளியே நல்ல குளிர், அந்த அறையில் பல் தந்தியடித்தது. ஜன்னல் பப்பரப்பா என்று திறந்து கிடந்தது.

"ஆள்தான் பிழைச்சாச்சே, இன்னும் எதுக்கு? சாத்தக் கூடாதா?" என்றேன்.

அவள் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள்.

"அவருக்கும் காத்து வேணுமில்ல அக்கா" என்றாள்.

நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.