பானட்டுக்குள் பெர்னாட்டின் காலைச் சாப்பாடு

மலாயாவில் ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிக்கப் ஓட்டிய பெர்னாட்டுக்கு உலகத்தில் பிடிக்காதவை ஏராளம். ரப்பர் பால் நாற்றம், நெத்திலிக் கருவாடு, பிறர் வாய்வைத்த தம்ளர், வெற்றிலை மென்று குழப்பிய வாய். மாதா கோயிலில் நற்கருணை வாங்கும்போதுகூடப் பாதிரியாரின் நகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். “என்னைக் கட்டுறதுக்கு முந்தி சோப்புப் போட்டுக் கழுவிப் பாக்கலையேன்னு இன்னும் வருத்தம் அவருக்கு” என்பாள் அவர் மனைவி இசபெல்.

அப்படிப்பட்ட மனிதருக்குக் கிடைத்த வேலையோ, விடியற்காலையில் இருபது பேரை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு தூரத்து டிவிஷனுக்குப் போவதும், ஒன்பது மணிக்கு முதல் நடைப் பாலோடு திரும்புவதும். சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழுவுவார். முதலில் வண்டியை, பிறகு தன்னை.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி. உள்ளே சமைப்பது காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். அதனால் அரிசி, சோறு, கருவாடு எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரம் வெட்டுகிறவர்கள் வயிற்றுக்குள் வைத்துக் கொண்டுபோனால்தான் உண்டு. பிடிபட்டால் வருஷக் கணக்கில் சிறை. வண்டியில் அகப்பட்டால் ஓட்டுகிறவருக்கும் அதே சிறை.

அன்று கேட்டில் சோதனை முடிந்தது. பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். குறுக்குக் கம்பைத் தூக்கியாயிற்று. பிக்கப்பின் மூக்கு வேலியைத் தாண்டியது, இரண்டு முறை இருமியது, நின்றது.

“என்னா டிரைவரே, கேட்டை மறிச்சிக்கிட்டு?” என்றான் கான்ஸ்டபிள் சிவானந்தம். வேலைக்கு வந்து ஒரு மாதம்தான். யாரையாவது பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை அவன் சட்டைப் பொத்தான் வரைக்கும் மின்னியது.

“எனக்கு மட்டும் ஆசையா? இரு லா, பாக்கிறேன்.”

பெர்னாட் ஹார்னை அழுத்தினார். கத்தியது. பேட்டரி இருக்கிறது. இஞ்சின் மூடியான பானட்டைத் திறந்து, ஒரு பிளக்கைக் கழற்றி, இஞ்சின் மேல் படுக்கவைத்து, வண்டியின் முன்னாலிருந்த கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். நீலமாகப் பொறி தெறித்தது. ஆனால் பிளக்கின் முனை பெட்ரோலில் குளித்துக் கறுத்திருந்தது. அதைத் துணியில் பிடித்து, செத்த பல்லியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பெட்ரோல் வருகிறது, நெருப்பு வருகிறது. காற்றுதான் வரவில்லை.

ஏர் கிளீனர் என்பது அந்த வண்டியில் ஒரு சட்டி. அடியில் கறுப்பு எண்ணெய் நிற்கும். அதன் மூடித் திருகில் அவர் கைவைத்தபோது பின்னால் ஒரு குரல்.

“அண்ணே, அதத் தொறக்காதீங்க.”

தாயம்மா. மரம் வெட்டுகிறவள், வயிற்றில் ஐந்து மாதம். வண்டியிலிருந்து இறங்கி வந்து, குளிருக்குப் போர்த்திய சாக்கைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

“ஏன்?”

“விடியக்காலைல தின்னா வாந்தியா வருது. எட்டு மணிக்கு மேல பசியில கண்ணு இருட்டுது. அதான் ஆறு நாளா, ராத்திரியே இதுல…”

அவர் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு துணி முடிச்சு. தினமும் ஓரமாக இருந்தது, அன்று சரிந்து நடுக்குழாயின் வாயை அடைத்திருந்தது. நேற்றுச் சோறு. புளித்து, எண்ணெயில் ஊறி, நடுவில் தலையோடு நாலு நெத்திலி. நாற்றம் வந்து மூக்கில் அறைந்தது.

“ஆறு நாளா இதுலயா வச்சித் தின்ன?” என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

“எண்ணெ பட்டத அள்ளிப் போட்டுட்டுத் திம்பேண்ணே.”

“சீ.”

சிவானந்தத்தின் டார்ச் வெளிச்சம் முன்பக்கம் வந்துகொண்டிருந்தது. இவள் வைத்தாள் என்று தானே முந்திக் காட்டிக்கொடுத்தால் பெர்னாட் தப்பிப்பார். தாயம்மா சிறையில் பிள்ளை பெறுவாள். சொல்லாவிட்டால் விலங்கு அவருக்கு. முடிச்சைத் தூக்கி எறிய இடமில்லை; ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் துப்பாக்கி.

பெர்னாட் பானட்டுக்குள் தலையை விட்டார். சோற்றை உருட்டி வாயில் திணித்தார்.

முதல் உருண்டை நாக்கில் பட்டதும் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. செருப்பைக் கழுவிய தண்ணீரில் கஞ்சி காய்ச்சியது போலிருந்தது. நெத்திலியின் கண் ஒன்று கடைவாயில் வெடித்தது. மாதாவே என்று நினைத்தார், உடனே அந்த வாயோடு அவளைக் கூப்பிட்டதற்காக வெட்கப்பட்டார். மூன்றாவது உருண்டை. நாலு. முடிச்சுத் துணியால் கையைத் துடைத்தார். அது மற்ற அழுக்குத் துணிகளைப் போலவே ஆகிவிட்டது.

“என்னா மெல்றீங்க?” சிவானந்தம் முகத்துக்கு நேராக டார்ச் அடித்தான்.

“வெத்தல.”

“நீங்களா? வெத்தலையா?”

பெர்னாட்டின் உதட்டோரம் கறுப்பாக வழிந்தது. துப்ப முடியாது, துப்பினால் பருக்கை விழும். கண்ணில் நீர் நிற்க, அவனைப் பார்த்தபடியே விழுங்கினார்.

“பழகிக்கிறேன்” என்றார்.

“எச்சில் கறுப்பா வருது.”

“எஸ்டேட் வெத்தல அப்படித்தான். பேச்சு கெடக்கட்டும், கைப்பிடியப் புடி. நான் ஆக்சிலேட்டர மிதிக்கிறேன். இல்லைன்னா தொர வர்ற வரைக்கும் இப்படியேதான் நிப்போம்.”

துரை என்றதும் சிவானந்தம் துப்பாக்கியைத் தோளில் மாட்டினான். பெர்னாட் பிளக்குகளைத் துடைத்து மாட்டி, மூடியைத் திருகி, உள்ளே ஏறிக் காலைத் தரையோடு அழுத்தினார். அவன் ஏழு தடவை சுற்றினான். எட்டாவதில் வண்டி கறுப்பாக ஏப்பம் விட்டு உயிர் பெற்றது. நல்லவேளை, அவர் விடவில்லை.

இரண்டு மைல் கட்டை தள்ளி வண்டியை நிறுத்தி, ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அது நெடுநேரம் ஆயிற்று. பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாயம்மா மட்டும் இறங்கி, தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவர் அதன் விளிம்பைப் பார்த்தார். வாங்கி, வாய் வைத்துக் குடித்தார்.

“இன்னொரு தடவை என் வண்டியில ஒரு பருக்கை பாத்தேன், நானே புடிச்சிக் குடுத்துருவேன். கேட்டியா?”

“கேட்டேண்ணே.”

“கருமம். மனுசன் திங்கறதா அது?”

அவள் தலை குனிந்து நின்றாள். எட்டு மணிக்கு வரப்போகிற பசிக்கு இனி அவளிடம் ஒன்றுமில்லை.

“ஒன்பது மணி நடைக்குப் பால் டின்னப் புடிச்சிக்கிட்டு வர ஆள் வேணும்னு வேலை வாங்குற மண்டோர்கிட்ட சொல்றேன்” என்றார் பெர்னாட், அவளைப் பார்க்காமல். “தினமும் வா. வேலிக்குள்ள போயி, வீட்ல உக்காந்து, தட்டுல போட்டுத் தின்னுட்டு அடுத்த நடையில திரும்பு.”

“மண்டோர் விடுவாரா?”

“டின்னு சாஞ்சி பால் கொட்டுதும்பேன். ஒரு நாளைக்கி நானே கொட்டிக் காட்டுறேன். எட்டு மணிக்குக் கண்ணு இருட்டுனா கத்தியக் கீழ வச்சிட்டு உக்காரு. ஒரு மணி நேரந்தான.”

ஒன்பது மணிக்கு அவள் பின்னால் ஏறப்போனபோது முன்கதவைத் திறந்துவிட்டார். அவள் தயங்கி ஏறினாள். கையெல்லாம் பால் பிசின்.

“எதையும் தொடாத” என்றார் அவர், கண்ணாடியை இறக்கிவிட்டு, மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டே.