பாட்டு நிற்கும் இடம்

அம்மாவின் பெரிய கத்தரிக்கோலால் துணியைத் தவிர வேறெதையும் வெட்டக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான். அப்பா உயிரோடு இருந்தபோது ஒருமுறை அதை எடுத்து மாத்திரை அட்டையை வெட்டிவிட்டு, இரண்டு நாள் அம்மாவின் கண்ணில் படாமல் நடமாடினார். அந்தக் கத்தரிக்கோலால் அம்மா அன்று ரப்பர் ஷீட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கத்தி இருக்கேம்மா, அதுல வெட்டு. கூர் போயிடும்."

"போனா போகட்டும். நீ பசையத் தடவு, காஞ்சிடப் போகுது."

கடையின் தரையில் இரண்டு ஒட்டுப்பலகைகள் கிடந்தன. ஒன்றின் மேல் நான் பசை தடவ, அம்மா ரப்பரைச் சுருக்கம் விழாமல் விரித்தாள். லைனிங் துணி விரிப்பதுபோல நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவினாள். அதன் மேல் இரண்டாவது பலகையை வைத்தோம். நான் திருகாணிகளை முடுக்கும் வரை பலகை நகராமலிருக்க அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"என் உடம்பும் ஒரு வேலைக்கு ஆகுது பாரு" என்றாள். "ஏ இன்ஜினியரு, இந்தத் தடவையாவது நடுக்கம் அடங்குமா?"

"அடங்கணும்."

"அடங்கணும்னா? பம்புக்கும் இப்படித்தான் கையெழுத்துப் போடுறியா?"

பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஓடும் பம்பு எவ்வளவு நடுங்குகிறது என்று அளப்பது என் பொறுப்பு. அம்மாவுக்கு உடைகளைத் திருத்தித் தரும் சின்னக் கடை. நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், கிழிசல் தெரியாமல் தைப்பாள். எங்கள் இருவரின் தொழிலும் ஒரே பலகையில் வந்து சேர்ந்தது அந்த ஒரு முறைதான். மறுநாள் காலை கடையின் ஷட்டரைத் தூக்கும்போது விழுந்தாள். மாரடைப்பு. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்தப் பலகை எதற்கு என்று சொன்னால்தான் கத்தரிக்கோலைக் கெடுத்துக்கொண்டது ஏன் என்று புரியும்.

எனக்குத் தெரிந்த அம்மா கடவுளைப் பற்றி நல்லதும் பேசியதில்லை, கெட்டதும் பேசியதில்லை. யாராவது கேட்டால், "எனக்கு அவர்கிட்ட வேலை இல்ல. அவருக்கும் என்கிட்ட இருக்காது" என்பாள். பாட்டும் அப்படித்தான். கடையில் ரேடியோ கூடக் கிடையாது. தையல் இயந்திரத்தின் சத்தம் மாறினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், அதைக் கேட்கக் காது சும்மா இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

கடைக்கு மேல்மாடி பல வருடம் குழாய்ச் சாமான் வைக்கும் கிடங்காக இருந்தது. அது காலியானதும் சின்னக் கிறிஸ்தவ சபை ஒன்று அங்கே குடிவந்தது. பெரும்பாலும் இளைஞர்கள். டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்டு எல்லாம் படியேறிப் போனதைப் பார்த்து அம்மா, "வீட்டுச் சாமான விட இதுதான் நிறைய இருக்கு" என்றாள். சனிக்கிழமை மாலை அவர்கள் பயிற்சி எடுப்பார்கள். பாடும் குரல் கீழே வராது. கான்கிரீட் தளம் குரலை நிறுத்திவிடும். டிரம்மும் பேஸும் மட்டும் இறங்கும். டப்பாவில் பொத்தான்கள் கிணுகிணுக்கும். வெட்டுமேஜையில் குறி போடும் சாக்குக்கட்டி தானாக ஊர்ந்து ஓரத்துக்கு வந்து கீழே விழும்.

சில வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள், நீளம் குறைக்க வந்திருந்த திரைச்சீலைக் கம்பியை எடுத்து ஸ்டூலில் ஏறி, கூரையை இடிக்க ஆரம்பித்தாள். மேலே நிறுத்தவில்லை. இவளும் விடவில்லை. பாட்டு முடியும்வரை இடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் படியிறங்கி ஓடிவந்தான். டிரம்ஸ் வாசிப்பவன். ஆளும் குச்சி, கையிலும் குச்சி, அதனால் சபையிலேயே அவனுக்குக் குச்சி என்றுதான் பெயர்.

"அக்கா, கீழ இருந்து தட்டினது நீங்கதானா?"

"நானேதான். இப்பவாவது உறைச்சுதா?"

"செமக்கா! எங்க பேஸ்காரன் எப்பவும் கோட்டை விடுற இடத்தக்கூட நீங்க கரெக்டாப் பிடிச்சீங்க!"

அம்மா திட்டுவதற்காகத் தட்டியதை, கூடச் சேர்ந்து வாசித்ததாக மேலே எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். அது மட்டுமென்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். அடுத்து அவன் கேட்ட கேள்விதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"கடைசிச் சரணத்துக்கு முன்னாடி நாங்க எல்லாத்தையும் நிறுத்துவோம். நீங்களும் நிறுத்தினீங்க. எப்படிக்கா தெரிஞ்சுது?"

அம்மா அதை என்னிடம் ஃபோனில் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. "கோவமாத் தட்டுறவ எதுக்குடி நிக்கணும்? அவங்க நிறுத்தினா எனக்கு என்ன? நான் இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்ல?"

"வாரா வாரம் கேட்டிருக்க. பழகியிருக்கும்."

"பழகியிருக்கும்தான். ஆனா கம்பிய மேல தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன்டி. எதையோ கேக்குற மாதிரி."

அதைத் தெரிந்துகொள்ளத்தான் மாடிக்குப் போனாள். பக்தியால் போகவில்லை. பொத்தான் தைக்க வேண்டிய சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பாட்டின் வார்த்தைகளை அன்றுதான் முதல்முறை கேட்டாள். குச்சியும் நண்பர்களும் சேர்ந்து எழுதிய பாட்டு. இயேசு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். தட்டிவிட்டு நிறுத்துகிறார். அங்கேதான் எல்லா வாத்தியமும் நிற்கும்.

"ஏன் தம்பி அங்க நிக்கிறீங்க?" என்று குச்சியைக் கேட்டாளாம்.

"தட்டிக்கிட்டே இருந்தா, உள்ள யாராவது எழுந்து வர்ற சத்தம் அவருக்கு எப்படிக்கா கேக்கும்?"

அன்று சட்டையில் பொத்தானைத் தப்பான பக்கம் தைத்துவிட்டாள். வாடிக்கையாளர் வந்து காட்டியதும், "மன்னிச்சுக்குங்க, நான் மாடியில இருந்தேன்" என்று மட்டும் சொன்னாளாம்.

அடுத்த வாரமும் போனாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டத் தொடங்கினாள். கீழேயிருந்து கேட்டபோதே பாட்டு நன்றாக இருந்தது என்றும், வார்த்தைகள் கொஞ்சம் அதிகம் என்றும் குச்சியிடமே சொன்னாள். அவளுக்குச் சுருதி சேராது. பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து உட்காரும் அளவுக்குச் சத்தமாகப் பாடுவாள். ஞானஸ்நானம் எடுத்த நாளில், எப்படி விசுவாசத்துக்கு வந்தீர்கள் என்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். அம்மா மைக்கைத் துணிபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "நீங்க எல்லாரும் வாசல் வழியா வந்தீங்க. நான் சீலிங் வழியா வந்தேன்" என்றாள். சபை சிரித்து அடங்கவே வெகுநேரம் ஆனது.

நான் நம்புகிறவள் இல்லை. எதிர்ப்பதும் இல்லை. ஆனால் இது என்னைக் குடைந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உனக்கு என்னதாம்மா கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல. அதான் விஷயமே."

"புரியல."

"பாட்டு ஓடுறப்ப பாட்டு கேக்குது. நிக்கிறப்ப யாரோ என்னையே கவனிக்கிற மாதிரி இருக்கு. நான் ஒருத்தருக்கு அளவு எடுக்குறப்ப பேச மாட்டேன்ல? மூச்சுகூட அடக்கிக்குவேன்ல? அப்படி. என்னை அப்படி யாரும் கவனிச்சதில்லடி."

சீரான ஓசை சட்டென்று நின்றால் காது அடுத்ததைத் தொடர்ந்து எதிர்பார்க்கும், அது மூளையின் வேலை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரிடி. எதிர்பாக்குதுல்ல?" என்றாள்.

எதிர்வரிசையில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மா திருத்திய உடைகளைத் தேய்ப்பவர் அவர்தான். ஒரு சனிக்கிழமை தேய்த்த துணிகளை வெட்டுமேஜையில் வைத்தவர், கையை எடுக்கவில்லை. மேலே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. புருவத்தை உயர்த்திக் கூரையைக் காட்டினார். மேஜை நடுங்குவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டு முடியும்வரை இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் ஊன்றி நின்றார்.

அன்று ஃபோனில் அம்மாவின் குரலே வேறாக இருந்தது. "எனக்கும் வார்த்தை இல்லாமத்தான்டி வந்துச்சு. அவருக்கும் அப்படியே வரும். இத்தனை வயசுக்கு மேல ஆண்டவரு எனக்குன்னு ஒரு வேலை குடுத்திருக்காரு, நான் செய்ய வேணாமா?"

அவரை மாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே கான்கிரீட் தரை, மேஜைப் பலகைபோல நடுங்கவில்லை. காலுக்கு ஒன்றும் எட்டவில்லை. "அவரு ஏறி நிக்கிற மாதிரி ஒரு மேஜை செஞ்சு குடு" என்று என்னிடம் கேட்டாள். ஒலிபெருக்கி போலவே, ஆனால் ஓசைக்குப் பதில் நடுக்கத்தைத் தரும் கருவி உண்டு. அதை ஓர் ஒட்டுப்பலகையின் அடியில் பொருத்தி, இசைக்குழுவின் ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸரிலிருந்து வயர் இழுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

முதல் சோதனையில் இஸ்திரிக்காரர் செருப்போடு ஏறினார். அம்மா அவர் காலைக் காட்டி அதட்டி, கழற்ற வைத்தாள். பாட்டு ஓடியது. அவர் முகம் மலர்ந்தது. முடிந்ததும் அம்மாவைப் பார்த்து, ஒரு கையை வட்டமாகச் சுழற்றி, உடம்பை உதறிக் காட்டினார்.

"துணி துவைக்கிற மெஷின்ங்கிறாரு" என்றான் குச்சி. எல்லோரும் சிரித்தோம். இஸ்திரிக்காரரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"அவங்க நிறுத்தினப்ப அவரு நிமிரவே இல்ல" என்றாள். "பலகை நிக்கலடி."

அம்மா சொன்னது சரி. பம்பின் நடுக்கத்தை அளக்கும் அளவியை வைத்துப் பார்த்தேன். குழு நிறுத்திய பிறகும் பலகை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அது அடங்குவதற்குள் கடைசிச் சரணம் தொடங்கிவிட்டது. காது கேட்பவர்களுக்கு அந்த இடைவெளி இருந்தது. அவருக்கு இல்லை.

அதற்குப் பிறகு அம்மா வேறொன்றையும் பேசவில்லை. கோட்டின் காலருக்குள் வைத்துத் தைக்கும் தடித்த கம்பளித் துணியைப் பலகைக்கு அடியில் ஒட்டிப் பார்த்தாள். பலிக்கவில்லை. அதைச் சொன்னேன். "சரி, உன் ரப்பரக் கொண்டா" என்றாள். அப்படித்தான் தொழிற்சாலையில் பம்புக்கு அடியில் வைக்கும் ரப்பர் ஷீட் கடைக்கு வந்தது. அப்படித்தான் கத்தரிக்கோல் மழுங்கியது.

திருகாணிகளை முடுக்கிய பிறகு அவளைக் கைபிடித்து எழுப்பினேன்.

"காயட்டும்" என்றாள். "ஞாயித்துக்கிழமை காலையில நானே போய் இஸ்திரிக்காரரக் கூட்டிட்டு வர்றேன். நீ போகாத. உனக்குக் கூப்பிடத் தெரியாது."

"ஒரு மனுஷனக் கூப்பிடுறதுல என்னம்மா தெரியணும்?"

"பின்னால போய்த் தோளத் தொட்டுடுவ. அவரு கையில சூடான பெட்டி இருக்கும், பதறிச் சுட்டுக்குவாரு. முன்னால நின்னு மேஜை ஓரத்துல ரெண்டு தட்டு. அப்புறம் கைய எடுத்துட்டு நில்லு. கையில இருக்குற மடிப்ப முடிச்சுட்டுத்தான் பாப்பாரு. அவசரப்படுத்தாத."

அம்மாவுக்குக் கடைசியாக உடுத்திவிட்ட உடையைத் தேய்த்துத் தந்தவர் அவர்தான். கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் நீட்டிய கூலியைப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை மாலை குச்சியும் நானும் பலகையை மாடிக்குத் தூக்கிப் போனோம். அம்மாவுக்காக நிகழ்ச்சி ஒன்றும் வேண்டாம், அந்த ஒரு பாட்டு போதும் என்றேன். தொழிற்சாலையில் போட்டுக்கொள்ளும் காதடைப்பானை இரண்டு காதிலும் செருகினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அளவியைப் பலகையின் ஓரத்தில் வைத்தேன்.

பேஸ் குதிகாலில் வந்தது. டிரம் முன்பாதத்தில். குச்சி அழுதுகொண்டே வாசிப்பது தெரிந்தது, ஆனால் தாளம் தப்பவில்லை. எந்த வார்த்தையும் எனக்கு எட்டவில்லை. கடைசிச் சரணத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

பலகை நின்றது. சுத்தமாக நின்றது. அளவி பூஜ்யம் காட்டியது.

அதில் யாரோ இருந்தார் என்று நான் எழுதினால் அது பொய். எனக்குத் தெரியாது. ஆனால் அளவி காட்டிய பூஜ்யத்தை என் கால்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது பாட்டு மறுபடி தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அம்மா இருந்திருந்தால் அப்போதே ஃபோனைப் போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவைக் கடந்து இஸ்திரிக் கடைக்குப் போனேன். அவர் ஒரு வெள்ளைச் சட்டையின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. முன்னால் போய் நின்று, மேஜையின் ஓரத்தில் இரண்டு முறை தட்டினேன். கையை எடுத்தேன்.

பெட்டி சட்டைக் கையின் முனை வரை போனது. திரும்பி வந்தது. சட்டைக் கையை மடித்து, விரலால் நீவினார். நான் நின்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், மூடியிருந்த அம்மாவின் கடையைப் பார்த்தார். நான் மாடியைக் காட்டினேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். செருப்பை அங்கேயே, மேஜைக்கு அடியில் கழற்றி விட்டார்.